ஆன்ட்டி சொன்ன முந்நூறு முகவரிகள்

1. 2003-இல் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், ஒரு நோன்பு திறப்பு விருந்துக்கு மறுநாள், ஏழு பேருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்.

2. மூன்று ஆண்டுகளில் அந்த ஏழு, அறுநூற்றுப் பன்னிரண்டு ஆனது.

3. அவர்களில் பாதிக்கு மேல் என்னிடம் கேட்டு வந்தவர்கள் அல்ல.

4. 2006-இல் ஒரு வெள்ளிக்கிழமை, கடிதங்களை அனுப்பித் தரும் நிறுவனம் என் கணக்கை நிறுத்தி வைத்தது.

5. அந்த வாரக் கடிதத்தில் ஒரு திருத்தம் இருந்தது. கலிபோர்னியாவின் டப்ளினில் ஒரு நான்கு வயதுச் சிறுமியின் அம்மா அதை அன்றே படித்தாக வேண்டும்.

6. அவளுடைய தொலைபேசி எண் என்னிடம் இல்லை.

7. ஆன்ட்டியிடம் இருந்தது.

எண் போட்டு எழுதினால்தான் எனக்கு எதுவும் பிடிபடும். மளிகைச் சாமான் முதல் ஊருக்குப் போகும்போது கட்டும் பெட்டி வரை எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு. கணினிப் பொறியியல் படித்துவிட்டு, கணவரின் விசாவைச் சார்ந்து வந்து, வேலை பார்க்க அனுமதியில்லாமல் ஓர் இரண்டாம் மாடி வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பழக்கம் இன்னும் முற்றியது. சூப்பர் மார்க்கெட்டில் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்து, நோட்டில் எழுதிக்கொள்வேன். எங்கள் வீட்டில் ஹலால் பார்க்க வேண்டும். எதில் ஜெலட்டின், எதில் பன்றிக் கொழுப்பு, எதில் ஆல்கஹால் கலந்த வெனிலா என்று தெரியாமல் எதையும் வாங்க முடியாது.

ஆன்ட்டி எங்களுக்குக் கீழ்வீடு. சென்னைக்காரர், சுத்த சைவம். மருந்து கம்பெனியில் வேலை பார்க்கும் அங்கிளோடு பன்னிரண்டு வருஷமாக அங்கே இருந்தார். அந்த நோன்பு திறப்புக்கு அவரையும் அழைத்திருந்தேன். என் சமையலறை மேடையில் கிடந்த நோட்டைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

“இது என்னம்மா, தயிருக்கு நேரா கிராஸ் போட்டிருக்கே? தயிர்ல என்ன இருக்கப் போகுது, பால்தானே?”

“அந்த கம்பெனி தயிர்ல ஜெலட்டின் போடறாங்க, ஆன்ட்டி. கெட்டியா நிக்கறதுக்கு.”

“ஜெலட்டின்னா?”

“எலும்பு, தோல்லேர்ந்து எடுக்கறது. மாடா இருக்கலாம், பன்னியா இருக்கலாம்.”

“அய்யய்யோ! நேத்துதான்டி அதுல மோர்க்குழம்பு வெச்சேன். உங்க அங்கிள் ரெண்டு தடவ போட்டுண்டார்!”

கூடம் முழுக்கச் சிரித்தது. ஆன்ட்டி சிரிக்கவில்லை. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே, “இதை எனக்கு இமெயில்ல அனுப்பு. இவங்களுக்கும் அனுப்பு” என்று அங்கிருந்த ஆறு பெண்களைக் காட்டினார். மறுநாள் அனுப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு பொருளைப் பற்றி அனுப்பினேன். எனக்கு வேண்டிய ஹலாலும் அவருக்கு வேண்டிய சைவமும் பெரும்பாலும் ஒரே வரியில்தான் வந்து முடிந்தன. அதனால் அந்தக் கடிதம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாயிற்று.

ஆரம்பத்தில் தப்புகள் நிறைய. எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரியும்படி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு அங்கிள் அத்தனை பேருக்கும் சேர்த்து, தன் பழைய காரை விற்கப்போவதாகப் பதில் போட்டார். இன்னொருவர் கார் எத்தனை மைல் ஓடியது என்று அத்தனை பேருக்கும் சேர்த்துக் கேட்டார். முதலில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினேன். பிறகு தமிழ் எழுத்துக்கே மாறியபோது பாதிப் பேரின் கணினியில் வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன. “என்னம்மா, டப்பாவைப் பத்தி எழுதறேன்னு ஒரே டப்பா டப்பாவா அனுப்பியிருக்கே?” என்று ஆன்ட்டி போனில் கேட்டார். எந்த எழுத்துருவை எப்படி இறக்கிக்கொள்வது என்று ஒரு தனிக் கடிதம் எழுதினேன். அதுவும் அவர்களுக்குக் கட்டங்களாகத்தான் போயிருக்கும் என்பது அனுப்பிய பிறகே உறைத்தது.

பட்டியலை வளர்த்தவர் ஆன்ட்டிதான். பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் நடந்த பொங்கல் விழாவில் ஒரு மேசையில் தாளும் பேனாவும் வைத்தேன். பெயர், ஊர், மின்னஞ்சல். கூச்சத்தோடு பக்கத்தில் நின்றேன். ஆன்ட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“வாங்கோ, எழுதுங்கோ. நல்ல பொண்ணு, கஷ்டப்பட்டு எழுதறா. உங்க தங்கை டெக்சாஸ்ல இருக்காளே, அவ ஐடியும் போடுங்கோ. ஓரகத்தி? அவளுக்கும் போட்டுடுங்கோ.”

“ஆன்ட்டி, அவங்ககிட்ட கேக்க வேணாமா?”

“கடிதம்தானேம்மா அனுப்பறே, பில்லா அனுப்பறே? வந்தா சந்தோஷப்படுவா.”

அந்தத் தாளில் எழுதிய ஒருவரும் மறுக்கவில்லை. நம் ஆட்கள் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அதை அவர்கள் வேண்டும் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஆன்ட்டி கோயிலில், கொலுவில், சீமந்தத்தில், கடையில் கட்டணம் செலுத்த நிற்கும் வரிசையில், யாரைப் பார்த்தாலும் முகவரி வாங்கி எனக்குப் போன் செய்வார். முகவரிகளைக் குறித்துவைத்த எக்செல் விரிதாளில் நான் ஒரு நெட்டுப் பத்தி வைத்திருந்தேன். அதன் தலைப்பு, ‘எப்படி வந்தது’. ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்று குறித்துவைக்க வேண்டும் என்பது கல்லூரியில் மனதில் ஏறிய பாடம். அந்தப் பத்தியில் முந்நூறுக்கும் மேற்பட்ட வரிகளில் இரண்டே சொற்கள் இருந்தன: ‘ஆன்ட்டி சொன்னார்கள்’.

டப்ளின் பெண் அப்படி வந்தவள்தான். ஆன்ட்டியின் அக்கா மகனுடைய மனைவி. அவள் மட்டும் முதல் கடிதத்துக்கே பதில் எழுதினாள். அவள் மகளுக்கு முந்திரி ஆகாது. ஒரு முறை ஒரு துண்டு முந்திரி பர்ஃபி தின்று, தொண்டை வீங்கி, ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். “அக்கா, ஒவ்வொரு டப்பாவையும் படிச்சுப் படிச்சு எனக்குப் பைத்தியம் பிடிச்சிருந்தது. இப்ப நீங்க ஓகே சொன்னதை மட்டும் வாங்கறேன்” என்று எழுதியிருந்தாள். அந்த மடலை அச்செடுத்து நோட்டில் ஒட்டிவைத்தேன். சம்பளமில்லாத, பெயரில்லாத என் வேலைக்கு அதுதான் நியமன உத்தரவு. அவளுக்காக அன்றிலிருந்து கடிதத்தில் நட்ஸ் பற்றியும் ஒரு வரி சேர்த்தேன். 2004-இல் ஓர் ஓட்ஸ் பிஸ்கட்டைப் பற்றி எழுதியபோது, முட்டை இல்லை, ஜெலட்டின் இல்லை, நட்ஸ் இல்லை என்று எழுதினேன்.

எண்ணிக்கை ஏறியதும் கடிதங்களை அனுப்பித் தரும் ஒரு நிறுவனத்தில் கணக்குத் தொடங்கினேன். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், பட்டியலிலிருந்து வெளியேற ஓர் இணைப்பு இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. தமிழில் என்ன போடுவது என்று ரொம்ப யோசிக்கவில்லை. சிறியதாக, தெளிவாக, ‘நீக்கு’ என்று போட்டேன். இரண்டு ஆண்டுகளில் அதை அழுத்தியவர்கள் மூன்று பேர். அறுநூறு பேரில் மூன்று பேர்தான் போயிருக்கிறார்கள் என்று கணவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். புதன்கிழமை கடையில் அதே ஓட்ஸ் பிஸ்கட்டின் உறை நிறம் மாறியிருந்தது. பழக்கத்தில் திருப்பிப் பார்த்தேன். சேர்மானப் பட்டியலில் ஏழாவதாக முந்திரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கடிதத்தைத் திருத்தி, முதல் வரியிலேயே எச்சரிக்கையைப் போட்டேன். அப்போதே தனியாக அவளுக்கு எழுதியிருக்கலாம். கடிதம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போகும், அவள் தவறாமல் படிப்பாள் என்ற நம்பிக்கையில் இருந்துவிட்டேன். அது என் தவறு.

வெள்ளிக்கிழமை மதியம் கணவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். கடிதம் போய்விட்டதா என்று பார்க்கக் கணக்கைத் திறந்தால், சிவப்புப் பட்டையில் ஓர் அறிவிப்பு. என் கடிதங்களை வேண்டாத குப்பை என்று மிகப் பலர் புகார் செய்திருக்கிறார்கள். கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முகவரியும் எப்படி வந்தது, அவர் சம்மதித்தாரா என்று விளக்க வேண்டும். ஒரு கடிதமும் போகவில்லை.

அவமானப்படக்கூட நேரம் இல்லை. என் சொந்த முகவரியிலிருந்து டப்ளினுக்கு ஒரு மடல் போட்டேன். பதினைந்து நிமிடம் பார்த்தேன். பதில் இல்லை. விரிதாளில் அவள் வரியைப் பார்த்தேன். ‘ஆன்ட்டி சொன்னார்கள்.’ உடனே கீழ்வீட்டுக்குப் போன் செய்தேன்.

“ஆன்ட்டி, டப்ளின்ல உங்க அக்கா பையன் வீட்டு நம்பர் வேணும். அர்ஜென்ட்.”

“இரும்மா, குக்கர் வெச்சிருக்கேன். மூணு விசில் ஆகட்டும்.”

“குக்கர் இருக்கட்டும், ஆன்ட்டி! குழந்தை சாப்பிடற பிஸ்கட்ல இப்ப முந்திரி போட்டிருக்கான்.”

அடுத்த நொடி ஆன்ட்டியின் குரல் மாறியது. டைரியைத் தேடும் சத்தம், இழுப்பறை, குக்கரின் விசில், எல்லாம் ஒன்றாகக் கேட்டது. எண்ணை இரண்டு தடவை சொன்னார். “இந்த வாரக் கடிதத்துல எழுதியிருந்தேன் ஆன்ட்டி, அது போகவே இல்ல” என்றேன். “எனக்கு ரொம்ப நாளாவே வரதில்லையேம்மா” என்றார். அது எனக்கு அப்போது சரியாகக் காதில் ஏறவில்லை.

எங்களுக்கு ஒன்று பத்து. டப்ளினில் பத்து பத்து. இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். நான் யார் என்று சொல்லி, பிஸ்கட்டின் பெயரைச் சொன்னேன்.

“உறை என்ன கலர்?”

“பச்சை, அக்கா. முன்னாடி நீலமா இருந்துச்சு. புது பாக்கெட், காலைலதான் பிரிச்சேன். ஏன்?”

“கொடுத்துட்டியா?”

“டேகேர் பாக்ஸ்ல ரெண்டு வெச்சேன். பத்தரைக்கு ஸ்நாக் டைம். என்னன்னு சொல்லுங்க அக்கா.”

“அதுல முந்திரி இருக்கு. போனை வெச்சுட்டு, டேகேருக்குப் போன் பண்ணு.”

உடனே இணைப்பு அறுந்தது.

சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன். ஆன்ட்டி ஈரக் கையோடு மாடிப்படி ஏறி வந்துவிட்டார். மைக்ரோவேவ் கடிகாரத்தில் ஒன்று பதினெட்டு ஆனது, இருபத்திரண்டு ஆனது. ஒன்று இருபத்தேழுக்குப் போன் வந்தது.

“எடுத்துட்டாங்க, அக்கா. பாக்ஸைத் திறக்கவே இல்லையாம். டீச்சர் கையிலேயே வெச்சிருக்காங்க. நான் கூட்டிட்டு வரப் போறேன்.” அதற்குப் பிறகு அழுதாள். பின்பு, “டீச்சர் ஏன் எடுக்கறாங்கன்னு பாப்பா கேட்டிருக்கா. லேபிள் ஆன்ட்டி இப்ப வேணாம்னு சொல்லிட்டாங்களாம்னு, நான் சொன்ன மாதிரியே டீச்சர் சொன்னதும், ‘ஓகே, தென் ஐ வோன்ட் ஈட் இட்’னு சொல்லிட்டாளாம்” என்றாள்.

நான் பார்த்தே இராத ஒரு குழந்தை என்னை லேபிள் ஆன்ட்டி என்று கூப்பிடுவது அன்றுதான் தெரிந்தது.

ஆன்ட்டி போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். கொஞ்சம் தேநீர் போட்டேன். அப்போதுதான் அவர் போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. உங்களுக்கு ஏன் வருவதில்லை, பார்க்கிறேன் என்று சொல்லி, அவரோடு கீழே போய் அவருடைய கணினியைத் திறந்தேன். ‘ஸ்பாம்’ என்ற குப்பைக் கோப்புறையில் என் கடிதங்கள் வரிசையாக இருந்தன. ஒரு வருஷத்துக் கடிதங்கள், ஒன்றுகூட விடாமல்.

“ஆன்ட்டி, இதை நீங்களா தள்ளினீங்க?”

அவர் முந்தானை நுனியைப் பார்த்தார். “கோச்சுக்காதே. நான் வாங்கறது நாலஞ்சு சாமான்தான். அது எல்லாம் எனக்குத் தெரிஞ்சு போச்சு. வாரா வாரம் வந்து நிக்கறது. டெலீட் பண்ண மனசு வரலை. நீ உக்காந்து எழுதறது இல்லையா?”

“கீழ ஒரு லிங்க் இருக்கே, ஆன்ட்டி. அதை அழுத்தியிருந்தா நின்னிருக்குமே.”

“பார்த்தேனே! நீக்குன்னு போட்டிருந்தே. உன்னை எப்படிம்மா நான் நீக்கறது?”

ஆன்ட்டி திரையில் இருந்த ‘ஸ்பாம்’ பொத்தானைத் தொட்டுக் காட்டினார்.

“இந்த பட்டன்னா ஓரமா போயிடறது. ஸ்டோர் ரூம்ல போடற மாதிரி. உனக்கும் தெரியாது, மனசும் நோகாது. எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“எல்லாருக்கும்னா?”

“கேட்டவாளுக்கு எல்லாம்தான். ஒரு நாப்பது அம்பது பேர் இருக்கும்.”

என்னிடம் வேண்டாம் என்று சொல்லத் தயங்கிய அத்தனை பேரும் ஆன்ட்டியிடம் வழி கேட்டிருக்கிறார்கள். அவரும் யார் மனமும் நோகாத வழியைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொத்தான் ஒவ்வொரு தடவையும் என்மேல் ஒரு புகாராகப் பதிவானது என்று விளக்கினேன். ஆன்ட்டியின் முகம் வெளிறிவிட்டது. “அப்ப அந்தக் குழந்தைக்குக் கடிதம் போகாம நின்னது என்னாலயா?” என்று கேட்டார். நான் உண்மையைத்தான் சொன்னேன். கடிதம் நின்றதில் எங்கள் இருவருக்கும் பங்கு உண்டு. கேட்காமல் சேர்த்தது நான், போவதற்கு முரட்டுத்தனமான ஒரு சொல்லை வைத்ததும் நான். ஆனால் அந்த எண் உங்கள் டைரியில்தான் இருந்தது என்றும் சொன்னேன்.

நிறுவனத்துக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன். ‘எப்படி வந்தது’ பத்தியை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பார்த்தேன். முந்நூறு தடவை ‘ஆன்ட்டி சொன்னார்கள்’ என்று வந்தது. அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக, அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் என் சொந்த முகவரியிலிருந்து, ஒரு நாளைக்கு முப்பது பேர் வீதம், தனித்தனியாக எழுதினேன். மூன்று வாரம் ஆனது. பெரும்பாலானவற்றில் மூன்றே வரி: உங்களைக் கேட்காமல் சேர்த்திருந்தால் மன்னியுங்கள். இந்தக் கடிதம் வேண்டுமென்றால் ‘வேண்டும்’ என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். எழுதாவிட்டால் நானே எடுத்துவிடுகிறேன், ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

நூற்று நாற்பத்து மூன்று பேர் வேண்டும் என்றார்கள்.

“அறுநூறுல நூத்தி நாப்பதா?” என்றார் கணவர். “டெபாசிட்டே போச்சே!”

“டெபாசிட் போகலைங்க. கள்ள ஓட்டுதான் போச்சு” என்றேன்.

ஆனால் நான் எதிர்பார்க்காதது, வேண்டாம் என்று எழுதியவர்கள். எழுதாமலே இருந்திருக்கலாம். எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் மெனக்கெட்டு எழுதினார்கள். வேண்டாம் என்ற ஒரு சொல்லைச் சொல்ல ஒரு பக்கம் எழுதினார்கள். ஒருவர் இந்தியாவுக்கே திரும்புகிறார். ஒருவர் தனக்குத் தமிழ் படிக்க வராது, மனைவிக்காக எழுதும்போது தவறித் தன் முகவரியை எழுதிவிட்டாராம். ஒரு பெண், “முதல் வருஷம் உங்க கடிதத்தைப் பையில வெச்சுக்கிட்டுத்தான் கடைக்குப் போனேன், இப்ப தேவைப்படல, அதுக்கும் உங்களுக்குத்தான் நன்றி” என்று எழுதியிருந்தாள். அவற்றை எல்லாம் ஒரு கோப்புறையில் வைத்திருக்கிறேன். வேண்டும் என்று வந்த மடல்களைவிட அவற்றைத்தான் அதிகம் படித்திருக்கிறேன்.

நூற்று நாற்பத்து மூன்று பேரின் ‘வேண்டும்’களையும் நிறுவனத்துக்குக் காட்டினேன். கணக்கைத் திறந்துவிட்டார்கள். இரண்டு விஷயங்களை மாற்றினேன். ஒன்று, வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகாது என்று சொன்னவர்களிடம் தொலைபேசி எண் கேட்டு வாங்கி, நோட்டில் எழுதினேன். பத்தொன்பது வீடுகள். அவர்களுக்கு வேண்டிய திருத்தம் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காது. இரண்டு, கடிதத்தின் அடியில் இருந்த ‘நீக்கு’வை எடுத்துவிட்டு, ‘போயிட்டு வரேன்’ என்று போட்டேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் வேறு என்ன சொல்கிறோம்?

கணக்கு திறந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, எனக்காக ‘வேண்டும்’ என்று எழுதியிருந்த ஆன்ட்டிதான் அதை முதலில் அழுத்தியவர். அழுத்திவிட்டுப் போன் செய்தார்.

“போயிட்டு வரேன்மா.”

“வாங்க, ஆன்ட்டி” என்றேன்.

அடுத்த வருஷம் கணவருக்கு டெக்சாஸில் வேலை மாறியது. ஆலனுக்குக் குடிவந்தோம். பெட்டிகள் வந்து சேராத முதல் வாரத்தில், வெறும் தரையில் மடிக்கணினியை வைத்து, அங்கிருந்து முதல் கடிதத்தை அனுப்பினேன். புது ஊரில் ஒருவரையும் தெரியாது என்று நினைத்திருந்தேன். கடிதத்தில் ஊர் மாறியதை ஒரு வரி எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பட்டியலில் இருந்த இரண்டு குடும்பத்தார் பாத்திரத்தில் சாப்பாட்டோடு வாசலில் நின்றார்கள். “எல்லா லேபிளும் படிச்சுட்டோம்” என்று சொல்லித்தான் பாத்திரத்தைக் கொடுத்தார்கள்.

சென்ற ஆண்டு ஆன்ட்டியிடமிருந்து ஒரு மடல் வந்தது. டாக்டர் சர்க்கரை என்று சொல்லிவிட்டாராம். “எந்த டப்பால எவ்வளவு சர்க்கரைன்னு எழுதுவியா? வந்துட்டேன்னு போட்டுக்கோ.” விரிதாளில் அவருக்குப் புதிதாக ஒரு வரி சேர்த்தேன். ‘எப்படி வந்தது’ என்ற இடத்தில், ‘போய்விட்டு வந்தார்’ என்று எழுதினேன். அப்படி வந்தவர்கள் அவரோடு சேர்த்து முப்பத்தொரு பேர்.

இது 2009. பட்டியலில் இன்று இருநூற்று எண்பத்தேழு பேர் இருக்கிறார்கள், எல்லோரும் தாங்களே கேட்டு வந்தவர்கள். டப்ளின் சிறுமிக்கு ஏழு வயது. லேபிளை அவளே படிக்கிறாள், அவள் அம்மா இன்னும் என் கடிதத்தையும் படிக்கிறாள். நோட்டில் தொலைபேசி எண்கள் இருபத்தாறு. கடிதம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போகிறது.